அத்தை மாற்றிச் சொன்ன வசனங்கள்

எங்கள் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், முதன்முதலாகத் தொலைக்காட்சி வந்தது எங்கள் வீட்டுக்குத்தான். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டாக இருக்க வேண்டும். நான் நான்காம் வகுப்பில் இருந்தேன். இலங்கையில் வரக்காப்பொலைக்கு மேலே இருக்கும் ரப்பர் தோட்டத்தில்தான் எங்கள் லயம். அப்பாவுக்கு ஸ்டோரில், ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டுக் காயவைக்கும் இடத்தில் வேலை. லயத்துக்கு அப்போது கரண்ட் கிடையாது. யாரோ விற்ற பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டியை வாங்கி வந்து, கார் பேட்டரியில் ஓட்டினார். பேட்டரி இறங்க இறங்கப் படம் நான்கு பக்கமும் சுருங்கிக்கொண்டே வரும். கடைசியில் கதாநாயகியின் முகம் மட்டும் தீப்பெட்டி அளவுக்குத் தெரியும். அதையும் விடாமல் பார்ப்போம்.

அந்தப் பெட்டி தமிழ் பேசியது எப்போதாவதுதான். மற்ற நேரமெல்லாம் சிங்களம். வாரத்தில் ஒரு நாள் பின்னேரம் ஒரு டெலி நாடகம் போகும். ரப்பர் பால் வெட்டப் போகிற பெண்கள் அடுப்பு வேலையைச் சீக்கிரமே முடித்துவிட்டு எங்கள் வீட்டு முன்னறையில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களில் பாதிப் பேருக்குக் கடையில் சாமான் வாங்குகிற அளவுக்குத்தான் சிங்களம் தெரியும். நாடகத்தில் பேசுகிற வேகத்துக்கு அது போதாது. அவர்களுக்காகக் கதையைச் சொன்னவர் அத்தை.

அத்தை எங்கள் அடுத்த வீட்டுக்காரர். உறவு ஒன்றும் இல்லை. அப்பா அவரைத் தங்கச்சி என்பார், அம்மா மதினி என்பாள், அதனால் எனக்கு அத்தை. சிறு வயதில் கேகாலை டவுனில் ஒரு பெரிய வீட்டில் எட்டு வருஷம் வேலைக்கு இருந்தவர். சிங்களத்தை அங்கேதான் கற்றுக்கொண்டார். பெட்டிக்குப் பக்கத்தில், சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, எங்களைப் பார்த்தபடி உட்காருவார். காது பெட்டியில் இருக்கும், கண் எங்கள் மேல் இருக்கும்.

அவர் சொல்வதை மொழிபெயர்ப்பு என்று சொல்ல முடியாது. நாடகத்தில் ஒரு கிழவர் ஐந்து நிமிஷம் பேசுவார். அத்தை, "ஒண்ணுமில்ல, காணியத் தர மாட்டாராம்" என்பதோடு நிறுத்திவிடுவார். இன்னொரு இடத்தில் ஒரு பெண் "ஹா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்ப்பாள். அத்தை அதற்கு நீளமாகப் பேசுவார்.

"பாருங்க, வாயால சரின்னுட்டா. ஆனா மனசுல வேற ஓடுது. இவ அவனக் கட்ட மாட்டா. எழுதி வச்சிக்கங்க."

அவர் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள். யாராவது இடையில் கேள்வி கேட்டாலும் பதில் இருக்கும். அடுத்த நாள் ரப்பர் மலையில் பால் வாளியோடு நடக்கும்போதும் அந்தக் கதைதான் பேச்சாக இருந்ததாம். அம்மா சொல்வாள்.

தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். மேலே படிக்கத் தமிழ்ப் பள்ளிக்கூடம் என்றால் வெகுதூரம் போக வேண்டும். அப்பா என்னைப் பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். முதல் வருஷம் ஒன்றும் புரியாமல் அழுதேன். மூன்றாம் வருஷம் வகுப்பில் சிங்களத்துக்கு முதல் ஆளாக வந்தேன். டீச்சர் என் கட்டுரையை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். அந்தப் பெருமை எனக்குள் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. வீட்டில் யாராவது ஒரு சிங்களச் சொல்லைத் தப்பாகச் சொன்னால் உடனே திருத்துவேன்.

அந்தச் சமயத்தில் ஒரு புது நாடகம் போய்க்கொண்டிருந்தது. கொழும்பில் ஒரு பணக்கார வீடு. அங்கே தோட்டத்திலிருந்து வந்த ஒரு சிறுமி வேலைக்கு இருக்கிறாள். அந்தப் பெண் பொட்டு வைத்திருந்தாள் என்பதாலேயே எங்கள் ஆட்களுக்கு அவள்மேல் தனிப் பிரியம். அத்தையின் கதையில், வீட்டு எஜமானியான நோனா கொஞ்சம் கோபக்காரி, ஆனால் உள்ளே இரக்கம் உள்ளவள். எனக்கு நாலைந்து வாரமாகவே உறுத்திக்கொண்டிருந்தது. அத்தை சொல்வதும் நோனா பேசுவதும் ஒத்துப் போகவில்லை.

ஒரு நாள் அந்தச் சிறுமி படுக்கப் பாய் கேட்கிறாள். நோனா எதையோ சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துகிறாள். அத்தை சொன்னார்:

"நாளைக்கு புதுசு வாங்கித் தாறேன், இன்னிக்கி இங்கனயே படு புள்ளன்னு சொல்லுது."

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"இல்ல அத்த. அப்படிச் சொல்லல. தோட்டத்து சாதிக்குப் பாய் எதுக்கு, நாய் படுக்கிற எடத்துல போய்ப் படுன்னு சொல்லுச்சு. நீங்க எப்பவும் மாத்தி மாத்தித்தான் சொல்றீங்க."

பெட்டியில் சோப்பு விளம்பரம் வந்தது. அத்தை என்னைப் பார்க்கவில்லை, தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பால் கறை பிடித்த கைகள். முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா மெதுவாக எழுந்து, "புள்ளைக்கு சோறு குடுக்கணும்" என்று வெளியே போனாள். அவள் பின்னாலேயே இரண்டு பேர் போனார்கள். நாடகம் முடிவதற்குள் அறை காலியாகிவிட்டது.

அம்மா என்னை அடிக்கவில்லை. பாயை விரித்துக்கொண்டே சொன்னாள்.

"ஒனக்கு மட்டுந்தான் தெரியும்னு நெனச்சியா? போன வருஷம் ஒரு நாடகத்துல பச்சப்புள்ள ஒண்ணு செத்துச்சே, ஞாபகம் இருக்கா? ஆஸ்பத்திரியில ஒன் கடைசித் தம்பி தவறி ரெண்டு மாசந்தான் ஆயிருந்துச்சு எனக்கு. மதினி என்னா சொன்னா? புள்ளைய கொழும்பு பெரியாஸ்பத்திரிக்கு கொண்டு போயிட்டாங்க, நல்லாயிருச்சாம்னா. டிவியில ரோடு பூரா வெள்ளக் கொடி கட்டியிருக்கான். எழவு வீட்டுக்குத்தான் வெள்ளக் கொடின்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் தலைய ஆட்டுனேன். எல்லாத்துக்கும் தெரியும்."

அந்த நாடகத்தை நானும் பார்த்தேன். வெள்ளைக் கொடி எனக்கு நினைவில்லை. அன்றைக்கு என் சிங்களம் அவ்வளவு வளர்ந்திருக்கவில்லை; குழந்தை பிழைத்துக்கொண்டது என்றுதான் நானும் நம்பியிருந்தேன்.

அடுத்த வாரம் அத்தை வந்தார். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. வராமல் இருந்திருந்தால் போய்க் கூப்பிட்டிருக்கலாம். வந்து, வழக்கமான இடத்தில் உட்காராமல், கதவோரம் உட்கார்ந்தார். நாடகம் தொடங்கியதும் என்னைப் பார்த்து, "நீ சொல்லு புள்ள. நீதான் படிச்சவ" என்றார். குரலில் கோபம் இல்லை.

நான் சொன்னேன். ஒரு சொல் விடாமல் சொன்னேன். கிழவர் ஐந்து நிமிஷம் பேசினால் நானும் ஐந்து நிமிஷம் பேசினேன். அதற்குள் நாடகத்தில் அடுத்த காட்சி போய்விடும். ஒரு கேள்விக்கும் எனக்குப் பதில் தெரியாது. "அவன் ஏன் போறான்" என்று கேட்டால், "அதை அவங்க சொல்லல" என்பேன். சில வாரங்களில் கூட்டம் பாதியாகக் குறைந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் பதின்மூன்று வயதில், நான் சொன்னது உண்மைதானே என்ற பிடிவாதம் அதைவிடப் பெரிதாக இருந்தது. நாள் போகப் போக, அந்தப் பேச்சை எடுப்பதே கூச்சமாகிவிட்டது.

பிறகு லயத்துக்குக் கரண்ட் வந்தது. அதன்பின் ஓரிரு வருஷத்தில், கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்த அண்ணன் தீபாவளிக்கு வரும்போது ஒரு சீடி பிளேயரும் கலர் டிவியும் கொண்டுவந்தான். தமிழ்ப் படம், முழுப் படம், விளம்பரம் இல்லாமல். ஒரு படம் மூன்று சீடியில் இருக்கும். டவுனில் தமிழ் ஆள் ஒருவர் சீடிக் கடை போட்டிருந்தார், வாடகைக்கு எடுத்துவருவோம். கீறல் விழுந்த இடத்தில் படம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றுவிடும். அம்மா சீடியை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்து, ஊதி, மறுபடியும் போடுவாள். வீடு பழையபடி நிறைந்தது. எனக்கு அப்படியொரு நிம்மதி. இனி யாரும் யாருக்கும் எதையும் சொல்ல வேண்டாம். அன்றைக்கு நடந்ததைச் சீடி பிளேயர் துடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

அத்தையும் வந்தார். கூட்டத்தில் ஒருவராக உட்கார்ந்து, மற்றவர்கள் சிரித்த இடத்தில் சிரித்தார். ஒரு தடவை, பழக்கதோஷத்தில், "இவன் பேச்ச நம்பாதீங்க" என்று தொடங்கினார். முன்னால் இருந்த ஒரு பையன் திரும்பி, "சும்மா இருங்க, கேக்குதில்ல" என்றான். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். நான் பார்த்தேன். உடனே படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்தக் கூட்டமும் நீடிக்கவில்லை. பிள்ளைகள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு டிவி வந்தது. பிறகு தகரக் கூரைகளில் டிஷ் முளைத்தது. இந்தியாவிலிருந்து நாள் முழுக்கத் தமிழ். கத்தாருக்குப் போன அத்தையின் மகன்தான் எங்கள் பக்கத்தில் முதலில் டிஷ் போட்டான். பின்னேரங்களில் லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தால் எல்லாக் கதவும் சாத்தியிருக்கும், ஜன்னல்களில் நீல வெளிச்சம் மட்டும் ஆடும்.

இதற்குள் எனக்குக் கல்யாணமாகி ரம்புக்கனைக்குப் போய்விட்டேன். அங்கே தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சிங்களம் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. வகுப்பில் ஒரு பாடத்தைத் தமிழில் விளக்கும்போது, ஒரு சொல்லை அப்படியே போட்டால் பிள்ளைகளின் முகம் வாடுவது தெரியும். வேறு சொல்லைத் தேடுவேன். அப்போதெல்லாம் அத்தையின் நினைவு வரும். ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் இந்தத் தடவை பேசிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போவேன். பார்த்து, சுகம் விசாரித்து, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

இரண்டாயிரத்து எட்டில், தைப்பொங்கல் முடிந்து ஒரு பின்னேரம், துணிந்து போனேன். அத்தை தனியாக இருந்தார். பெரிய டிவி. ரிமோட்டை பிளாஸ்டிக் உறையோடு வைத்திருந்தார். தமிழில் ஒரு சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. விளம்பரம் வரும்வரை காத்திருந்து சொன்னேன்.

"அத்த, சின்னதுல எல்லார் முன்னாலயும் ஒங்கள ஒரு பேச்சு பேசிட்டேன். மனசுல வச்சிக்காதீங்க."

நான் எதைச் சொல்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. அது எனக்கு உறைத்தது.

"நீ சொன்னது நெசந்தானே. நாந்தானே மாத்துனேன்."

"ஏன் மாத்துனீங்கன்னு அப்ப எனக்குப் புரியல."

"அந்த நோனா பேசுன பேச்ச நான் கேகாலையில எட்டு வருஷம் கேட்டேன். அதே பேச்சு, ஒரு சொல்லு மாறல. அன்னிக்கி நம்ம பொம்பளைங்க விடிய எந்திரிச்சி பால் வெட்டிட்டு வந்து ஒக்காந்திருந்தாளுக. அதயும் கேட்டுட்டு போயி எப்புடி சோறு திம்பாளுக?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவரே தொடர்ந்து சொன்னார்:

"நீ பேசினது கூட பெரிசில்ல. நான் அங்க வேலைக்கி இருந்த கதைய இங்க ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல, நல்ல நோனா, நல்லா பாத்துச்சுன்னுதான் சொல்லியிருந்தேன். அன்னிக்கி நான் மாத்துனது தெரிஞ்சதும், என்னைய அங்க எப்புடி வச்சிருந்தாங்கன்னு எல்லாத்துக்கும் வெளங்கிருச்சி."

பேச்சை மாற்ற நினைத்து, "இப்ப சிங்கள நாடகம் பாக்கிறதில்லையா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? எல்லாந்தான் தமிழ்லயே வருதே. தனியா பாக்கிறதுக்கு எந்தப் பாஷையா இருந்தா என்னா."

"எங்களுக்கு ஒரு நாள் பழையபடி சிங்கள நாடகத்துக்குக் கதை சொல்லுங்களேன், அத்த. நானும் அம்மாவும் வாறோம்."

"போ புள்ள," என்று சிரித்தார். "எல்லாம் மறந்து போச்சி."

விளம்பரம் முடிந்தது. அவர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார். சீரியலில் மாமியார் மருமகளைத் திட்டிக்கொண்டிருந்தாள், நல்ல தமிழில், ஒரு சொல் விடாமல். அத்தை முகத்தில் ஒன்றும் மாறவில்லை. நானும் முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் கவனித்தேன்: அதே மாமியாரின் குரல் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் வந்துகொண்டிருந்தது. எங்கள் வீடு அது. அம்மாவும் அதே சீரியலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன்.

"ரெண்டு பேரும் ஒரே நாடகத்தத்தானே பாக்கிறீங்க? அங்க போயி ஒக்காரக் கூடாதா?"

அம்மா கண்ணை எடுக்காமல் பதில் சொன்னாள்.

"எதுக்கு? அவளுக்கு தனி டிவி இருக்கு. எனக்கும் இருக்கு."