நடுவில் விழுந்த ஷட்டில்

யப்பானில் பிறந்த ஒருத்தியை எங்கள் தமிழ்ப் பட்மின்ரன் போட்டியில் ஆட விடலாமா என்று முடிவெடுக்க, ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட்டில் எங்கள் விளையாட்டுக் கழகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கூட்டம் போட்டது. கூட்டம் போட எங்களிடம் ஆட்களுக்குக் குறைவில்லை, வலை கட்டத்தான் ஒருவரும் வருவதில்லை. நான் போட்டியில் ஒலிவாங்கி பிடிப்பவன். வருடா வருடம் பெயர் வாசித்து வாசித்து எல்லோருடைய தோல்வியும் எனக்கு அத்துப்படி.

அந்தக் கூட்டத்துக்குக் காரணம் தங்கேஸ்வரி. சிறுவர் பள்ளியில் வேலை. ஐம்பது தாண்டியும் அவர் அடிக்கிற அடி தேங்காய் உடைக்கிற மாதிரி இருக்கும். ஆனாலும் பெண்கள் இரட்டையர் கிண்ணம் அவர் கைக்கு வந்ததே இல்லை. நான் "இரண்டாம் இடம்" என்று வாயைத் திறந்தாலே சனம் அவர் பக்கம் திரும்பிவிடும். இந்த வருடம் அவருடைய சோடி கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டு படுத்துவிட, தன்னோடு வேலை செய்யும் சிகுசாவைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்.

சிகுசா யப்பானில் தண்ணீர்ப் பம்பு செய்யும் ஒரு தொழிற்சாலையின் அணியில் இரட்டையர் ஆடியவள். காலையில் அலுவலகத்தில் கடுதாசிகளுக்கு முத்திரை குத்த வேண்டும், மத்தியானத்திலிருந்து இருட்டும்வரை பயிற்சி. வலைக்குப் பக்கத்தில் குனிந்து நிற்பது அவள். பின்னால் நின்று பாய்ந்து அடித்துப் பத்திரிகையில் படம் வரப்பண்ணுவது ஹிசாயோ. ஹிசாயோ அவளுக்கு ஒரு வயது மூப்பு. அங்கே ஒரு வயது மூப்பென்றாலே பையைத் தூக்க வேண்டும், தண்ணீர் எடுத்துக் கொடுக்க வேண்டும், முந்திக்கொண்டு வாய் திறக்கக் கூடாது. மரியாதையைக் கண்டுபிடித்தவர்கள் நாங்கள்தான் என்று இங்கே நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஒரு அரையிறுதியில் கடைசிப் புள்ளிக்கு ஷட்டில் இருவருக்கும் நடுவே வந்தது. சிகுசாவுக்குத்தான் கிட்ட. மூத்தவள் எடுக்கட்டும் என்று விட்டாள். கிட்ட நிற்பவள் எடுப்பாள் என்று ஹிசாயோவும் விட்டாள். அது பேசாமல் தரையில் விழுந்தது. "பரவாயில்லை" என்று மட்டும் ஹிசாயோ சொன்னாளாம். அதைவிட ஏச்சே வாங்கியிருக்கலாம். அடுத்த வருடம் தொழிற்சாலை அணியைக் கலைத்துவிட, சிகுசா நோர்வேஜிய மின்சாரத் தொழிலாளி ஒருவனைக் கட்டிக்கொண்டு ஒஸ்லோவுக்கு வந்துவிட்டாள்.

பிள்ளைகளின் ஈர உடுப்புகளைக் காயப்போடும்போது இதைத் தங்கேஸ்வரியிடம் சொன்னவள், கடைசியில் இப்படிச் சொன்னாளாம்: "இன்னொரு முறை அந்தப் பந்து நடுவில் வர வேண்டும். நான் எடுக்க வேண்டும். தோற்றாலும் காரியமில்லை."

கூட்டத்தில் தலைவர் பிலேந்திரன் மேசையைத் தட்டினார். "தமிழ் ஆக்கள் மட்டும்தான் விளையாடலாம். அதுதான் விதி."

"உங்கட பேரனுக்குப் பள்ளியில ஆர் மூக்குச் சீறி விடுறது?" என்றார் தங்கேஸ்வரி.

"அதுக்கும் இதுக்கும் என்ன தங்கச்சி?"

"இவள்தான். 'மூக்கைச் சீறு ராசா' எண்டு தமிழில சொல்லித்தான் சீறி விடுறவள். நீங்கள் அவனோட நோர்வே பாசையில கதைக்கிறியள். இப்ப ஆர் தமிழ்?"

தலைவர் இருமினார். விதி தளர்ந்தது.

பயிற்சியின் முதல் நாளே சிகுசா தலையில் கை வைத்தாள். எங்கள் பெண்கள் ஆடுவதைப் பார்க்க வேண்டும். ஷட்டில் நடுவில் வரும். "நீங்கள் எடுங்கோ அக்கா." "இல்லையம்மா, நீர் எடும்." இந்த உபசாரம் முடிவதற்குள் அது செத்துக் கிடக்கும். தங்கேஸ்வரியின் கிண்ணங்கள் எல்லாம் இப்படித்தான் போயின. வருடா வருடம் வெல்லும் ராகவியும் துஷ்யாவும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவர்களுக்குள் அக்காவும் இல்லை, தங்கச்சியும் இல்லை.

ஆகவே தங்கேஸ்வரி சட்டம் போட்டார். களத்துக்குள் அக்கா கிடையாது, நடுவில் வந்தால் என்னுடையது என்பதற்கு "என்ர" என்று கத்த வேண்டும். சிகுசா அந்தச் சொல்லை வெகு சிரத்தையாகப் பாடமாக்கினாள். ஆனால் பந்து நடுவில் வந்தால் அவள் வாயில் "அக்கா"தான் வந்தது, காலும் பின்னுக்குத்தான் போனது.

ராகவியோடும் துஷ்யாவோடும் மோதிய இறுதியாட்டத்திலும் அதே கதை. அப்படியே இரண்டு புள்ளிகளைத் தாரை வார்த்தாள். தங்கேஸ்வரி பொறுமையிழந்தார். "நான் உனக்கு அக்காவும் இல்லை, கொக்காவும் இல்லை! எடடி!" அது ஒலிவாங்கியிலும் கேட்டது.

கடைசியில் இவர்களுக்குக் கிண்ணத்துக்கு ஒரு புள்ளிதான் பாக்கி. ராகவி அடித்த அடி சரியாக இருவருக்கும் நடுவே வந்தது. சிகுசா இதையும் விடப்போகிறாள் என்று நினைத்துத் தங்கேஸ்வரி குறுக்கே பாய்ந்தார்.

"என்ர!"

சிகுசாவின் கத்தலில் மண்டபம் அதிர்ந்தது. அவள் தோள் இடித்த இடியில் தங்கேஸ்வரி தொப்பென்று தரையில் குந்திவிட்டார். ஷட்டில் துஷ்யாவின் காலடியில் விழுந்தது.

ஒருவரும் கைதட்டவில்லை. கிண்ணம் யாருக்கு என்று சொல்ல வேண்டிய நானும் ஒலிவாங்கியைக் கீழே இறக்கினேன். வயதுக்கு மூத்த ஒரு பெண்ணைச் சபை நடுவில் ஒருத்தி இடித்து விழுத்தியிருக்கிறாள். முன்வரிசையில் யாரோ "சீ" என்றார்கள். சிகுசாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ராக்கெட்டைக் கீழே வைத்து, இடுப்பு மடிய வளைந்து, தெரிந்த மூன்று பாஷையிலும் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள். கண்ணால் தண்ணீர் ஓடியது. எனக்கு அந்தச் "சீ" சொன்ன ஆளை அடிக்க வேண்டும் போலிருந்தது.

தங்கேஸ்வரி எழும்பவில்லை. இருந்த இடத்திலேயே இடுப்பைத் தடவிக்கொண்டு கத்தினார்.

"இன்னொருக்கா மன்னிப்புக் கேட்டியோ, அடுத்த வருசம் வேற சோடி பாப்பன்!"