பீலிக்கரையில் யாரும் விழவில்லை

ராக்கம்மாவுக்கு அறுபது வயது நெருங்கும்வரை சாமி கும்பிடும் பழக்கம் இருந்ததில்லை. திகனவில் அவள் குடியிருந்த வீட்டில் ஒரு சாமி படம் கிடையாது. வெள்ளிக்கிழமையும் மீன் சமைப்பாள். பக்கத்து வீட்டு றம்லத் ஐந்து வேளையும் தொழுகிறவள். "ஒங்களுக்கு ஒரு கோயிலுமா புடிக்கல்ல?" என்று ஒருமுறை கேட்டாள்.

"எங்கப்பா எனக்கும் சேத்துக் கும்பிட்டுட்டாரு" என்று சொல்லி ராக்கம்மா சிரித்தாள்.

அப்பா வீரமுத்து, ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டமொன்றில் பேர்போன பக்திமான். மாரியம்மன் திருவிழாவில் வருடம் தவறாமல் கரகம் எடுப்பவர் அவர்தான். கரகத்தோடு தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் ஒவ்வொன்றாக வரும்போது பெண்கள் அவர் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். நோயாளிப் பிள்ளைகளைக் கொண்டுவந்து காலடியில் கிடத்துவார்கள். ராக்கம்மா மட்டும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். வயதுக்கு வந்த கொஞ்ச காலத்திலேயே தோட்டத்தை விட்டு இறங்கி, கண்டியில் வீட்டு வேலை செய்தாள். பல்லேகலயில் ஆடைத் தொழிற்சாலை வந்ததும் அங்கே சேர்ந்து, சூப்பவைசராகி, ஓய்வும் பெற்றாள். இடையில் கல்யாணம் நடந்தது, புருஷன் செத்தான், மகள் சர்மிளா கொழும்புக்குப் போனாள். எப்போதாவது தோட்டத்துக்குப் போனால் அது தம்பி கணேசைப் பார்க்கத்தான்.

அம்மா அங்கம்மா செத்தபோது ராக்கம்மா சிறுமி. தோட்டத்து ஆட்கள் தண்ணீர் பிடிக்கிற பீலிக்குப் போன அங்கம்மா பாசியில் வழுக்கி விழுந்து, கல்லில் தலை அடிபட்டுச் செத்தாள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். உண்மையில் அன்று பீலிக்குப் போனது ராக்கம்மா. குடத்தோடு திரும்பி வந்தவள் பின்கதவு வழியாகப் பார்த்தாள். குடித்திருந்த அப்பாவின் கையில் விறகுக்கட்டை இருந்தது. இரண்டாவது அடியில் அம்மா அடுப்படியில் விழுந்தாள். எழும்பவில்லை.

அத்தை ஓடிவந்து அவளை மறைவாக இழுத்துக்கொண்டு போனாள். "அம்மா பீலியில வழுக்கி விழுந்துட்டா. யாரு கேட்டாலும் இதத்தான் சொல்லணும். அப்பனையும் புடிச்சிட்டுப் போயிட்டா ஒங்களுக்கு யாருடி சோறு போடுறது?"

ராக்கம்மா அப்படியே சொன்னாள். முதலில் சொன்னது தம்பிக்கு. அவன் சின்னவன், அப்போது உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான் என்று நினைத்தாள். பிறகு புருஷனுக்கும் மகளுக்கும் அதையேதான் சொன்னாள். வீரமுத்து அந்த வருடத்தோடு குடியை விட்டார். அடுத்த திருவிழாவில் கரகம் எடுத்தார்.

போன வருடம் அவர் படுக்கையில் கிடந்து, கணேசின் பராமரிப்பில் செத்தார். கருமாதிக்குத் தோட்டமே வந்திருந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் கோயில் தலைவர் எழுந்து பேசினார். வீரமுத்து ஒரு சாமி மனுஷன், பொஞ்சாதி போன பிறகு இன்னொருத்தியைத் தேடாமல் பிள்ளைகளை வளர்த்தவர், புது மண்டபத்துக்கு அவர் பெயரை வைக்கப்போகிறோம் என்றார்.

ராக்கம்மா பேசுவதென்று நினைத்து வரவில்லை. வாழை இலையைக் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "எங்கம்மா வழுக்கி விழல" என்றாள். சத்தம் பெரிதாக இல்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "அவரு அடிச்சாரு. நான் பாத்தேன்."

"என்ன புள்ள பேசுற, செத்த வீட்டுல?" என்று தலைவர் ஆரம்பித்தார்.

மொட்டை போட்டு ஈரவேட்டியோடு இருந்த கணேஸ் எழும்பினான். "அக்கா சொல்றது சரி. நானும் பாத்தேன். கதவுக்குப் பின்னால இருந்தேன்."

ராக்கம்மா தம்பியைப் பார்த்தாள். "ஒனக்குத் தெரியுமா?"

"நீதானே அம்மா வழுக்கி விழுந்துட்டான்னு எங்கிட்ட சொன்ன. ஒனக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். தெரிஞ்சா நீ தாங்க மாட்டேன்னு சொல்லாம இருந்துட்டேன்."

அந்த நாளில் லயத்தில் ஒரே சுவருக்கு அடுத்த காம்பராவில் வாழ்ந்த கிழவி மூலையிலிருந்து சொன்னாள்: "எங்க எல்லாருக்கும் தெரியும்டி. லயத்துல ஒரு வீட்டுச் சத்தம் மத்த வீட்டுக்குக் கேக்காதா?"

ராக்கம்மாவை உடைத்தது அந்தப் பேச்சுத்தான். காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றியவர்கள் தெரிந்துகொண்டே ஊற்றியிருக்கிறார்கள். அவள் சாப்பிடாமல் பஸ் ஏறினாள். சில சொந்தக்காரர்கள் அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். மண்டபத்துக்குப் பெயர் வைக்கும் பேச்சும் நின்றுபோனது.

நடந்ததையெல்லாம் றம்லத்திடம் சொன்னாள். கேட்டுவிட்டு றம்லத், "எங்கள்ல மௌத்தாப் போனவங்களுக்காக அல்லாஹ்கிட்ட துஆ கேப்போம். ஒங்கும்மாக்காக இத்தன காலமா ஆராச்சும் ஏதாச்சும் கேட்டீங்களா?" என்றாள்.

ராக்கம்மா யோசித்துப் பார்த்தாள். கேட்டது கிடையாது. திதி கொடுத்ததில்லை. அம்மாவின் பெயரை வாய்விட்டுச் சொல்லியே எவ்வளவோ காலமாகிவிட்டது. செத்த நாளும் சரியாகத் தெரியாது.

கண்டியில் ஒரு பிள்ளையார் கோயிலுக்குப் போய் ஐயரிடம் விசாரித்தாள். நாள் தெரியாவிட்டால் பரவாயில்லை, தாய்க்குச் சித்திரா பௌர்ணமியில் செய்யலாம் என்றார் அவர். அன்றைக்குப் போய் உட்கார்ந்தாள். ஐயர் பெயர் கேட்டார். "அங்கம்மா" என்று சொன்னதும் அவளுக்கு அழுகை வந்தது. அவர் அந்தப் பெயரை மந்திரத்தோடு சேர்த்துச் சொன்னார், அவளையும் சொல்ல வைத்தார். பக்கத்தில் வேறு பெண்களும் தங்கள் தாய்மாரின் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் போகத் தொடங்கினாள். முதலில் அம்மாவுக்காக என்றுதான் போனாள். எப்போது அது தனக்காகவும் ஆனது என்று அவளால் சொல்ல முடியவில்லை. வீட்டில் ஒரு விளக்கு வைத்தாள். வெள்ளிக்கிழமை மீன் சமைப்பதை விட்டாள். அப்பாவை மன்னித்துவிட்டீர்களா என்று றம்லத் கேட்டபோது, "இல்ல. அத நான் சாமிகிட்டயும் சொல்லிட்டேன்" என்றாள்.

கணேசுக்கு நேர்மாறாக நடந்தது. கருமாதிக்குப் பிறகு அவன் எந்தக் கோயிலுக்குள்ளும் போகவில்லை. "கரகத்துக்கு முன்னால உடுக்கடிச்சிக்கிட்டுப் போனவன் நான்தான்க்கா" என்றான். "உள்ள போனா அந்தச் சத்தந்தான் கேக்குது." ராக்கம்மா அவனை வற்புறுத்தவில்லை.

ஆனாலும் த்ரீவீல் ஓட்டுகிறவன் அவன். ஹயருக்கு ஆள் கிடைக்காத வெள்ளிக்கிழமைகளில் ஹேவாஹெட்டவிலிருந்து இறங்கி வந்து அக்காவை ஏற்றிக்கொண்டு போவான். கோயில் வாசலுக்கு எதிரே நிறுத்தி, ரேடியோவில் மெட்ச் கேட்டுக்கொண்டு இருப்பான். அவள் வெளியே வரும்போது கையில் திருநீறும் பொங்கலும் இருக்கும். திருநீறை அவள் நீட்டுவதில்லை. பொங்கலை வாங்கி மடியில் வைத்துச் சாப்பிட்டு, விரலைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்புவான்.