ஸ்தோய்னாவின் நேர்த்திக்கடன்

"கம்பிய இப்படியா தம்பி டமால்னு விடுவாங்க? பாதியில ஒரு நிமிஷம் நிறுத்து. அப்புறம் மெல்ல எறக்கு. எவனாவது அடியில மாட்டிக்கப் போறான்."

மகள் படிக்கும் ராணுவக் கல்லூரி வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் காவலாளிக்கு ஸ்தோய்னா வரும்போதெல்லாம் நடத்தும் பாடம் இது. இருபத்தாறு வருஷமாக ரயில்வே கேட் காக்கிறவள். தடுப்புக் கம்பி எதைக் கண்டாலும் அவளுக்கு வாய் சும்மா இருக்காது. காவல் நிற்கும் பிள்ளைகள் மாறுகிறார்கள், பாடம் மாறுவதில்லை.

இன்னொரு வியாதியும் உண்டு அவளுக்கு: நன்றி சொல்வது. ரயில் போனதும் கொடியைச் சுருட்டிக்கொண்டே கடைசிப் பெட்டிக்கு நன்றி சொல்வாள். கார் ஊர் வந்து சேர்ந்ததும் அதன் மூக்கில் இரண்டு தட்டுத் தட்டி, "மகராசி, கொண்டாந்து சேத்துட்ட" என்பாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் பல் பிடுங்கிய வைத்தியருக்கு இன்னும் தக்காளி போகிறது. "இவ நன்றி சொல்லி முடிக்கிறதுக்குள்ள செஞ்சவனுக்கு வயசாயிடும்" என்பான் அவள் புருஷன் தென்யோ. நல்ல மனிதன், ஆனால் முணுமுணுக்காமல் ஒரு மூட்டை தூக்கமாட்டான்.

போன பிப்ரவரியில் மகள் கெர்கினா மலைப் பயிற்சியில் வழி தவறிப் பள்ளத்தில் விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டாள். முழங்கால் ஆழப் பனி. சக மாணவர் யாரோ அவளை மூன்று கிலோமீட்டர் முதுகில் சுமந்து வந்து, சாலையில் ஆம்புலன்ஸ் கண்ணுக்குத் தெரிந்ததும் இறக்கிவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் பிள்ளை பிழைத்திருக்காது என்றார் டாக்டர். ஸ்தோய்னா அன்றைக்கே ஓர் ஆட்டுக்குட்டியை நேர்ந்துகொண்டாள். யார் சுமந்தது என்று எத்தனை தரம் கேட்டாலும் மகள் சொன்னது ஒன்றுதான்: "மூடுபனிம்மா. முகம் தெரியல."

மே ஆறாம் தேதி, கியோர்கிப் புனிதர் நாள். ராணுவத்துக்கும் அன்றுதான் திருநாள், அந்தப் புனிதரின் பெயரைக் கொண்ட கெர்கினாவுக்கும் பெயர்நாள். ஊர்க்கோயிலில் பாதிரியார் விடியற்காலையிலேயே அண்டாவுக்கு மந்திரித்துக் கொடுத்துவிட்டார். புதினாவும் வெங்காயத்தாளும் போட்டு வெந்த ஆட்டுச் சாறு. அதன் மூடியைத் துணியால் கட்டி, பின் சீட்டில் குழந்தையைப் போல உட்கார வைத்து, நாலு மணி நேரம் ஓட்டி வந்தார்கள். வழி நெடுக தென்யோவுக்கு ஒரே புலம்பல். "சாறு சிந்துது ஸ்தோய்னா, என் கால்சட்டை போச்சு." "சிந்தினா சிந்தட்டும். மக இருக்காள்ல?"

கல்லூரி மைதானத்து மர மேசையில் அண்டா ஏறியது. மகளின் படைப்பிரிவான கம்பெனியில் அவளைத் தவிர நாற்பது பேர், ஆணும் பெண்ணுமாக, கையில் தட்டோடு வரிசை கட்டினார்கள். ஓரத்தில் கம்பெனித் தலைவர் கேப்டன் வெல்ச்செவ் நின்றார். நேர்த்திக்கடனில் முதல் அகப்பை, உயிரைக் காத்தவருக்குப் போக வேண்டும். அதற்குப் பிறகுதான் ஊர் சாப்பிடலாம். அதில் ஸ்தோய்னா ஒரு நூலும் விட்டுக்கொடுக்கமாட்டாள்.

"எம்மகளச் சொமந்தது யாருய்யா? முன்னால வாங்க. மொத அகப்பை ஒங்களுக்குத்தான்."

ஒருவரும் அசையவில்லை. ஒருத்தன் தன் பூட்சையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெக்கப்படாதய்யா. உங்கம்மா மாதிரி நெனச்சுக்க."

கெர்கினா அவள் முழங்கையைக் கிள்ளினாள். காதருகே குனிந்து, "கேக்காதம்மா. காவல் போட்ட எடத்த விட்டுட்டு வந்து தூக்கினது. தெரிஞ்சா கல்லூரிய விட்டே அனுப்பிடுவாங்க. கேப்டன் மூணு மாசமா தேடுறாரு" என்றாள்.

அடப் பாவி மனுஷி, நன்றி சொல்ல வந்து ஒரு பிள்ளையின் வாழ்க்கையில் மண்ணைப் போடப் பார்த்தாயே என்று ஸ்தோய்னா தன்னையே வைதுகொண்டாள். நிமிர்ந்து பார்த்தாள். கேப்டன் வரிசையைப் பார்க்கவில்லை. கெர்கினாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, யாரோட தட்டுல மொதல்ல ஊத்தப் போறீங்க?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

"அவசரப்படாதீங்க கேப்டன் தம்பி. நேர்த்திக்கடன்னா நாலு மொறை இருக்கும்."

ஸ்தோய்னாவுக்குத் தன் மகளைத் தெரியும். உரிய ஆளின் முன்னால் அம்மா போய் நின்றால் அந்த முகம் கண்ணாடி போலக் காட்டிக்கொடுத்துவிடும். தானும் தெரிந்துகொள்ளலாம். மூன்று மாதமாக அதற்குத்தானே ஏங்கினாள்.

"கெர்கி, நீ அந்தப் பக்கம் திரும்பி நில்லு. நான் சொல்ற வரைக்கும் திரும்பக் கூடாது."

மகள் முதுகைக் காட்டி நின்றாள். ஸ்தோய்னா அகப்பையை அண்டாவுக்குள்ளேயே விட்டுவிட்டு, இடுப்பில் கட்டிய துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வரிசையின் முதல் ஆளிடம் போனாள். அவர்கள் பக்கம் சின்னவர்கள்தான் பெரியவர்களின் கையில் முத்தமிடுவார்கள். அவள் அந்தப் பையனின் தட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து அவன் இரண்டு கைகளிலும் முத்தமிட்டாள். பையன் கூச்சத்தில் இழுத்துக்கொள்ளப் பார்த்தான். விடவில்லை. அடுத்த பெண்ணிடம் போனாள். அதற்கடுத்தவனிடம் போனாள். யார் முகத்தையும் அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. நாற்பது பேர், எண்பது கைகள். ஒரு கையைக்கூட அவள் விட்டுவிடவில்லை.