மாத்திரையும் ஒரு கிளாஸ் பாலும்

தொண்ணூறுகளின் பிற்பாதியில் என் கணவரைக் கைநடுக்கத்தைவிடத் தோள்வலிதான் அதிகம் படுத்தியது. பார்க்கின்சன் வந்தால் கை ஆடும், நடை குறுகும் என்று எல்லோரும் சொன்னார்கள். வலிக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை. எண்ணெய் தேய்த்தேன். மலாய்க்கார அம்மாவிடம் உருவிவிடச் சொல்லிப் பார்த்தோம். எதற்கும் மசியவில்லை. ஒரு சட்டை மாட்டிவிடக் கால் மணி நேரம் ஆகும். எனக்கு அலுத்துப்போயிருந்தது. என் தலையெழுத்து என்று அவர் காதுபடவே முணுமுணுத்திருக்கிறேன்.

மாத்திரை சூடு, பாலோடு கொடுத்தால்தான் உடம்பு தாங்கும் என்பது எங்கள் வீடுகளில் யாரும் கேள்வி கேட்காத சங்கதி. வேளைக்கு ஒரு கிளாஸ் பால், நாளைக்கு நான்கு வேளை. முகத்தைச் சுளித்துக்கொண்டே குடிப்பார். வலியில் சுளிக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி ஏறி, அக்கரையில் இருக்கும் ஜார்ஜ் டவுனில் நரம்பு டாக்டரைப் பார்க்கப் போனோம். மண்டையில் துளைபோட்டு, மூளைக்குள் மெல்லிய கம்பி செருகி, நெஞ்சுத் தோலுக்கடியில் பேட்டரி வைக்கும் சிகிச்சை வந்திருக்கிறது, வெளிநாட்டுக்குத்தான் போகவேண்டும் என்றார் அவர். நடுக்கத்தோடு வலியும் குறையலாம். உறுதி சொல்ல முடியாதாம்.

“செஞ்சிடுங்க டாக்டர். இந்தத் தோள்வலி போனா போதும்லா,” என்றார் என் கணவர்.

கடிதம் எழுதத் தொடங்கிய டாக்டர் நிமிர்ந்தார். “மாத்திரைய எதோட சாப்பிடுறீங்க?”

“பாலோடதான் டாக்டர்,” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவர் பொறுமையாகத்தான் விளக்கினார். பாலில் இருக்கும் புரதம் இந்த மருந்தை மறித்துவிடும். மூளைக்குப் போய்ச் சேருவது குறைந்தால் தசை இறுகும், வலி ஏறும். சாப்பாட்டுக்கு முன்னால் வெறும் தண்ணீரில் கொடுத்துப் பாருங்கள், ஆபரேஷனைப் பிறகு பேசலாம் என்றார்.

நான்கு வருடம் கொடுத்திருக்கிறேன்.

“அவ மேல தப்பில்ல டாக்டர். நான்தான் பால் வேணும்னு கேப்பேன்,” என்றார் என் கணவர்.

தண்ணீருக்கு மாறியபின் வலி பாதி குறைந்தது, மீதி அப்படியே இருந்தது. கம்பி வைக்கும் பேச்சும் அவ்வப்போது வந்து போனது. ஆனால் அன்று திரும்பும் ஃபெர்ரியில் எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அவரா பால் கேட்டார்? பால் வாடையே ஆகாமல், கல்யாணமான நாளிலிருந்து பாலில்லாத கோப்பி ஓ மட்டும் குடித்த மனிதர் அவர்; மருந்து கொடுக்கும் மும்முரத்தில் அது எனக்கு உறைக்கவே இல்லை.

“பிடிக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லங்க?” என்று கேட்டேன்.

“நீயே அலுத்துப் போயிருந்த. இதையும் வேற சொல்லணுமா?” என்றார்.