தஸ்லிமாவிடம் வந்த முதல் புல்லட்

தென்னூரில் எங்கள் சந்தில் மூன்றே கடைகள். என் தையல் கடை, அதை ஒட்டித் தஸ்லிமாவின் பைக் ஒர்க்‌ஷாப், எதிரில் ஜமீல் பாயின் மெக்கானிக் கடை. என் மெஷினை வாசலைப் பார்த்துப் போட்டிருக்கிறேன். பிளவுஸ் தைத்தபடியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பேன். பேசுவது குறைவு.

தஸ்லிமாவுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். ஐ.டி.ஐ. முடித்து, ஒரு ஷோரூமில் சர்வீஸ் வேலை பார்த்துவிட்டு, ஆடி கழிந்ததும் தனியாகக் கடை போட்டாள். முழங்கால் வரை காக்கிக் கோட்டு, தலையில் இறுக்கிக் கட்டிய துப்பட்டா. வருகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்த்து, "மெக்கானிக் இல்லைங்களா?" என்பார்கள்.

"இருக்காங்க, சொல்லுங்க" என்பாள்.

பாதிப் பேர் "அப்புறம் வரேன்" என்று எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள். மீதிப் பேர் பஞ்சர் ஒட்டச் சொல்வார்கள், ஆயில் மாற்றச் சொல்வார்கள். இன்ஜினைத் தொடவிட்டவர் யாருமில்லை. "தீபாவளி வரைக்கும் பாரு. உருப்படியா வேலை வரலேன்னா பழைய ஷோரூமுக்கே போயிடு" என்று அவளுடைய அம்மா ஹாஜிரா சொல்லிவிட்டார். என்னிடம் அதைத் தஸ்லிமா சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் துடைத்த நட்டையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஆயுத பூஜைக்கு முன்னால் ஸ்ரீரங்கத்திலிருந்து பிரஹலாத் என்பவர் ஒரு பழைய புல்லட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்ப்பவர். அன்றைக்கு ஜமீல் பாய் கடை திறக்கவில்லை. அதனால்தான் இவளிடம் வந்தார். பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் எல்லாரும் பூஜை கழிந்த ஞாயிறு உப்பிலியபுரம் வழியாகப் பச்சைமலைக்குப் போகிறார்களாம். இந்த வண்டியோ திணறித் திணறி ஓடியது.

தஸ்லிமா கார்புரேட்டரைக் கழற்றிக் கவிழ்த்தாள். அடியில் செம்மண் கரைத்த மாதிரி துரு.

"டேங்க்ல இருந்து இறங்குது சார். பெட்ரோல் டியூபுக்கு நடுவுல ஒரு ஃபில்டர் போட்டுடலாம். துரு அதுலயே நின்னுடும்."

கட்டைவிரல் அளவில், உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குப்பி அது. அதன்மேல் இருந்த அம்புக்குறி கார்புரேட்டரைப் பார்க்கும்படி வைத்தாள். டியூபை வெட்டி, மேடாக வளையாமல் சரிவாக இறக்கி, இன்ஜின் சூடு படாமல் தள்ளிக் கட்டி, இரண்டு பக்கமும் கிளிப்பை முறுக்கினாள். வண்டி ஓர் உதையில் கிளம்பியது. பிரஹலாத் சந்தோஷமாகப் போனார்.

பூஜை முடிந்த மறுநாள் திரும்பி வந்தார். முகம் சரியில்லை. "காவிரிப் பாலத்துல நின்னுடுத்து. கொஞ்ச நேரம் கழிச்சு உதைச்சா கிளம்பறது. மறுபடியும் நின்னுடறது."

ஜமீல் பாய் டீ கிளாஸோடு எதிர் வாசலுக்கு வந்தார். "ஏம்மா, புல்லட்டுக்கு எதுக்கு வடிகட்டி? டீயா போடப் போறே?"

"சும்மா இருங்க மாமா."

"நான் சும்மாதாம்மா இருக்கேன். வண்டியும் சும்மாதான் நிக்குது."

ஃபில்டரின் வலை ரொம்பப் பொடியாக இருக்கிறதோ என்று நினைத்து, வலை பெரிதான வேறொன்றை மாட்டினாள். வண்டியையும் துடைத்துவிட்டாள். டேங்க் மூடியில் பூஜைக்குப் போட்ட திருமண் காய்ந்து வெள்ளையாக நின்றது, நடுவில் சிவப்புக் கோடு. துணி அதன் ஓரம் வரை போனது, மேலே படவில்லை. அந்தக் கை அப்படி வளைந்து விலகிப் போனதை நான் பார்த்தேன். பிறகு அவளே தென்னூரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தாள். ஒரு தடங்கலும் இல்லை.

சாயங்காலம் அவர் எடுத்துப் போனார். மறுநாளே மீண்டும் வந்துவிட்டார். இந்தத் தடவையும் பாலத்தில்தான் நின்றதாம். கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்.

"பரவாயில்லம்மா. ஃபில்டரைக் கழட்டிடு. சண்டே நான் ஃபிரெண்டோட வண்டில போயிக்கறேன்."

தஸ்லிமா ஸ்பேனரை எடுத்தாள். கிளிப்பில் வைத்தவள் திருகாமல் நிமிர்ந்தாள்.

"சார், கழட்டிடறேன். ஆனா நிக்கிற இடத்துல ஒரு தடவை நான் பார்க்கணும். நீங்க முன்னாடி போங்க, நான் பின்னாடியே வரேன்." என் பக்கம் திரும்பினாள். "அக்கா, கூட வாங்களேன். தனியாப் போக ஒரு மாதிரி இருக்கு."

கடையைச் சாத்திவிட்டு அவளுடைய ஸ்கூட்டியில் ஏறினேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, காவிரிப் பாலத்தில் ஏறிப் பாதி வந்ததும் புல்லட் இருமிவிட்டு நின்றது. பஸ்களுக்கு வழி விட்டு ஓரங்கட்டினோம்.

தஸ்லிமா குனிந்து ஃபில்டரைப் பார்த்தாள். காலியாக இருந்தது.

"ஃபில்டர் தடுக்கலை சார். இதுக்கே பெட்ரோல் வரலை" என்றாள். குரலில் ஒரு தெம்பு. "டேங்க் மூடியைக் கொஞ்சம் திறங்க."

பிரஹலாத் திறந்தார். டேங்க் 'உஸ்' என்று காற்றை இழுத்தது. அடுத்த நிமிடம் பெட்ரோல் இறங்கி ஃபில்டர் நிறைந்ததை மூவருமே பார்த்தோம்.

"காத்து உள்ள போகாம பெட்ரோல் கீழ இறங்காது. அதுக்கு மூடி நடுவுல ஒரு ஊசித் துளை இருக்கும். அது அடைச்சிருக்கு. அதான் கொஞ்ச தூரம் ஓடினப்புறம் நிக்குது." சற்றுத் தயங்கினாள். "திருமண்ணுக்கு அடியில."

பிரஹலாத் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நேத்தே சொரண்டிப் பார்த்திருக்கலாமே."

"நான் எப்படி சார் அதைத் தொடறது?"

அவரும் தொடவில்லை. "அம்மா சாத்தினது. கேட்டுடறேன்" என்று போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"மறுபடியும் நின்னுடுத்தாடா?" என்று எடுத்ததுமே கேட்டார் அவருடைய அம்மா வேதவதி. விஷயத்தைச் சொன்னதும், "அங்க ஓட்டை இருக்குன்னு நான் என்னத்தைக் கண்டேன்? நடுவுல குழிவா இருந்தது. அழகா உட்கார்ந்துண்டுதேன்னு நன்னாக் குழைச்சுச் சாத்தினேன். அந்தப் பொண்ணுகிட்ட குடு."

"சொல்லுங்கம்மா" என்றாள் தஸ்லிமா.

"இதை ஏம்மா முன்னாடியே எடுக்கலை?"

"நீங்க சாமிக்கு வச்சது. நான் கை வைக்கலாமான்னு தெரியலைங்கம்மா."

"நீ அதைக் காப்பாத்தினே. நான் வண்டிக்கு மூச்சை அடைச்சேன். நீயே எடும்மா, ஒண்ணும் தப்பில்லை. ஹெட்லைட் மேல வேற சாத்திக்கறேன். அங்க ஓட்டை கீட்டை ஏதாவது இருக்கா?"

"இல்லைங்கம்மா" என்று சொல்லும்போது தஸ்லிமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கைக்குட்டையால் விரல்களில் இருந்த கிரீஸைத் துடைத்தாள். என் வளையலில் எப்போதும் ஊக்கு கோத்திருக்கும். ஒன்றைக் கழற்றிக் கொடுத்தேன். துளையைச் சுற்றி மெதுவாக நெம்பி எடுத்தாள். உதிர்ந்த பொடியைப் பிரஹலாத் உள்ளங்கையில் வாங்கிப் பாலத்துக்குக் கீழே தண்ணீரில் விட்டார்.

வண்டி கிளம்பியது. ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் வரை பின்னாலேயே போனோம். நிற்கவில்லை. அவர் அதோடு விடாமல் திருவெள்ளறை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு இரவு போன் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடைகளுக்கு லீவு. அவள் மட்டும் காலையில் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகப் பிறகு தெரிந்தது. எங்கேயாவது நின்றால் கூப்பிடுவார் என்று ஸ்கூட்டியில் டூல்ஸ் பையைக்கூட மாட்டி வைத்திருந்தாளாம். போன் வரவில்லை.

திங்கட்கிழமை பிரஹலாத்தின் புல்லட் சந்துக்குள் நுழைந்தது. பின்னால் இன்னொரு பழைய வண்டி, அதில் சித்தார்த்தன் என்று ஒரு நண்பர். மலையிலிருந்து இறங்கும்போது அவர் வண்டி திணறியதாம். "கார்புரேட்டர்ல துருவா இருக்கும்போல. தீபாவளிக்குள்ள இன்ஜினையும் முழுசாப் பிரிச்சுப் பார்த்துடுங்க" என்று சாவியை நீட்டினார்.

தஸ்லிமா வாங்கிக்கொண்டாள். வேலையைப் பற்றி நாலு கேள்வி கேட்டாள். அவர்கள் போனதும் அம்மாவுக்குப் போன் போட்டு, "இன்னிக்கு மத்தியானம் சாப்பாட்டுக்கு வர நேரமாகும்" என்று மட்டும் சொன்னாள். பிறகு என் வாசலுக்கு வந்தாள்.

"அக்கா, இன்ஜினைப் பிரிச்சா உள்ள இடம் பத்தாது. என் ஸ்கூட்டியை உங்க கடை முன்னாடி நிறுத்திக்கட்டுமா?"

நான் எழுந்து, வாசலில் கிடந்த ஸ்டூலை உள்ளே எடுத்துப் போட்டேன்.