நான் படிக்காத மூன்று மாதக் கணினிப் படிப்பு

14.03.2024 வியாழக்கிழமை, பெருநகர் கிராமத்துக்கு அருகிலுள்ள எங்கள் காலனிக்குத் தங்கள் அறக்கட்டளை பத்து மடிக்கணினிகளைக் கொண்டுவந்து, அன்றே திருப்பி எடுத்துச் சென்றது. எனக்கு மூன்று மாதம் கணினி கற்பித்ததாகவும் பொய்யாகப் பதிவு செய்தது. இதுவே என் குற்றச்சாட்டு.

நான் பரிமளா, வயது இருபத்தாறு. பத்தாம் வகுப்போடு நடவு வேலைக்குப் போனவள். தாலுகா அலுவலகம் திருப்பி அனுப்பிய மனுக்களை, ஏன் திருப்பினார்கள் என்று படித்துப் படித்தே மனு எழுதக் கற்றேன். காலனியின் பட்டா, ஓய்வூதிய மனுக்களெல்லாம் என் கையெழுத்தில்தான் போயின. நகல்கள் என்னிடம் உள்ளன. இப்போது எல்லாமே ஆன்லைன். என்னோடு நடவுக்கு வரும் மார்த்தாள் அக்காவின் விதவை ஓய்வூதிய மனுவை வெளியில் ஒரு கணினிக் கடையில் கொடுத்து ஏற்றியபோது 'ஆண்' என்று பதிந்துவிட்டார்கள். எட்டு மாதம் அலைந்தார். அன்றே கணினி கற்பதென முடிவு செய்தேன்.

ஆகவே கணினிகளோடு டெம்போ வந்த 10.20க்கே நான் சமுதாயக் கூடத்தில் இருந்தேன். தங்கள் ஒருங்கிணைப்பாளர் மோகன்குமார் எங்களை மடிக்கணினிகளின் முன் உட்கார வைத்தார்.

"விரல வைம்மா. அழுத்தாத. சிரி."

"சார், திரையில ஒண்ணும் தெரியலியே?"

"போட்டோல தெரியும்மா."

பிறகு மூன்று தாள்களில் கையெழுத்துக் கேட்டார்கள். நான் படிக்காமல் கையெழுத்திட்டது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். கணினி என் எதிரிலேயே இருந்தது; நம்பிவிட்டேன். படம் எடுத்து முடிந்ததும், எங்கள் விரல் பட்ட விசைகளை ஒருவர் ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தார். நாங்கள் குளித்துவிட்டுத்தான் வந்திருந்தோம். 11.45க்கு டெம்போ கிளம்பிவிட்டது.

அடுத்த வாரம் வயலில் மார்த்தாள் அக்கா, "இன்னாடி கம்ப்யூட்டர் டீச்சரம்மா, நாத்துல எந்தப் பட்டன அமுக்கிக்கினு கீற?" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

09.06.2025 அன்று உத்திரமேரூரில் ஓர் இலவசக் கணினிப் பயிற்சிக்கு விண்ணப்பித்தேன்.

"ஒருத்தருக்கு ஒரு தடவதாம்மா. நீதான் ஏற்கெனவே முடிச்சிட்டியே" என்றார் அங்கிருந்த அம்மா.

"எந்தக் கம்ப்யூட்டர்ல மேடம்?"

அவர் தம் திரையை என் பக்கம் திருப்பினார். தங்கள் பட்டியலில் என் பெயரும் அந்தப் படமும் இருந்தன. படத்தில் என் கணினித் திரை பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் தங்கள் அலுவலகம் வந்தேன். "இதுக்கா இம்மாம் பேஜாரு?" என்று மோகன்குமார் ஒரு சான்றிதழை எடுத்து நீட்டினார். "வச்சிக்கம்மா, வேலைக்கு ஆவும்." அதில் நான் முதல் வகுப்பு. நகலை இணைத்துள்ளேன்.

உத்திரமேரூர்ப் பயிற்சிக்கான சேர்க்கை 30.06.2025 அன்று முடிகிறது. நான் எதையும் கற்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டு, பயிற்சி பெற்றோர் பட்டியலிலிருந்து என் பெயரை நீக்கி, நீக்கியதற்கான கடிதத்தின் நகலைப் பயிற்சி மையத்துக்கும் அனுப்ப வேண்டும். "நேர்ல வாம்மா, பேசிக்கலாம்" என்று தங்கள் அலுவலகத்தார் தொலைபேசியில் இருமுறை சொல்லிவிட்டார்கள். அதைப் பதிலாக ஏற்க மாட்டேன். ஏழு நாட்களுக்குள், கையொப்பமும் தேதியும் இட்ட எழுத்துப்பூர்வமான பதில் பதிவுத் தபாலில் எனக்கு வந்து சேர வேண்டும்.