எல்லாம் நல்ல படகுதான்

படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் அம்மாளுக்குப் படகுக்காரர்கள் வைத்த பெயர் கஷாயம். நேரில் வாய் நிறைய அக்கா என்பார்கள், திரும்பினால் கஷாயம். அது அவளுக்கும் தெரியும். தெரிந்ததாக ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை. தன்னைக் குடித்து யாருக்கும் குணமானதாகத் தகவல் இல்லை என்பது மட்டும்தான் அந்தப் பெயரில் அவளுக்கு இருந்த குறை.

அவள் உட்கார்ந்திருந்த கூண்டு, இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் மூச்சு விட முடியாத அளவு. முன்னால் கண்ணாடி, கண்ணாடியில் அரைவட்ட ஓட்டை. மேலே ஒரு மின்விசிறி, கூண்டின் எல்லா மூலைக்கும் காற்றடித்துவிட்டு அவள் தலைக்கு நேரே வரும்போது மட்டும் திரும்பிக்கொள்ளும். முதுகுக்குப் பின்னால் பதினோரு படகுகளின் புகைப்படங்கள் ஒட்டிய பலகை. கண்ணாடிக்கு வெளியே இரும்புக் கட்டைகளில் முன்னும் பின்னும் கயிறு கட்டிக் கிடக்கும் படகுகள். அவற்றுக்கு அப்பால் பாறைகள். கரையை ஒட்டிக் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கரும்பாறைகள், இடையிடையே ஒரு படகு மட்டும் நுழையக்கூடிய சந்துகள். அலை உள்ளே போய் முட்டிவிட்டு, வந்ததைவிட வேகமாகத் திரும்பி வரும்.

இங்கே இரண்டு வகைச் சவாரி உண்டு. ஒன்றரை மணி நேரம் பாறைகளைச் சுற்றிக் காட்டுவது ஒன்று. அரைநாள் ஆழத்துக்குப் போய்த் தூண்டில் போடுவது மற்றொன்று. இரண்டுக்கும் வருகிற ஆட்களைப் பற்றிக் கஷாயத்துக்கு ஒரே அபிப்பிராயம்தான். பாறை பார்க்க வருகிறவர்கள் பாறையைப் பார்ப்பதே இல்லை, பாறைக்கு முன்னால் நின்று தங்களைப் பார்த்துக்கொள்கிறார்கள். மீன் பிடிக்க வருகிறவர்கள் அதற்கும் ஒரு படி மேல். வீட்டில் ஒரு மீனைக் கழுவிப் பழக்கமில்லாத மனிதர், பன்னிரண்டு பாக்கெட் வைத்த சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, “பெரிய மீன் நிச்சயமா கிடைக்குமா?” என்று கேட்பார். ஐயா வருவதை மீனுக்குச் சொல்லி அனுப்ப மறந்துவிட்டோம் என்று அவளுக்கு நாக்கு நுனிவரை வரும். விழுங்கிக்கொள்வாள்.

படகை அவர்கள் தேர்ந்தெடுக்கும் அழகு இருக்கிறதே, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். நிறம் பார்ப்பார்கள். மெத்தை உண்டா, பாட்டுப் போடுவார்களா, மேல்தளத்தில் நின்று படம் எடுக்கலாமா என்று கேட்பார்கள். எஞ்சின் ஒன்றா இரண்டா என்று கேட்டவர் கிடையாது. கயிறு நைந்திருக்கிறதா என்று பார்த்தவர் கிடையாது. லைஃப் ஜாக்கெட் எங்கே என்று பத்தொன்பது வருடத்தில் நான்கே பேர் கேட்டார்கள், அதிலும் இரண்டு பேர் கேட்டது அதன் நிறம் தங்கள் உடைக்குப் பொருந்துமா என்று தெரிந்துகொள்ள. பச்சைமிளகாய் வாங்கும்போது காம்பைக் கிள்ளிப் பார்க்கிற ஜனங்கள், தங்கள் உயிரை ஏற்றி அனுப்பும்போது மட்டும் மெத்தையைத் தடவிப் பார்த்தார்கள்.

அவளிடம் யோசனை கேட்பார்கள் என்றால், “எது நல்ல படகு?” என்பது மட்டும்தான்.

“எல்லாம் நல்ல படகுதான்.”

அப்படித்தான் அவள் சொல்ல வேண்டும். படகு உரிமையாளர் சங்கத்தின் விதி அது. வரிசையில் முன்னால் நிற்கும் மூன்று படகுகளில் எதை வேண்டுமானாலும் வருகிறவர் எடுக்கலாம். கவுன்ட்டரில் இருப்பவர் ஒன்றை உயர்த்தியோ ஒன்றைத் தாழ்த்தியோ பேசினால் அன்றோடு வேலை போய்விடும். இரண்டு வருடத்துக்கு முன் கணவர் இறந்த பிறகு வீட்டு வாடகைக்கு அந்த வேலை ஒன்றுதான் இருந்தது. கணவர் இதே துறையில் எஞ்சின் பழுது பார்த்தவர். ஒரு படகு கட்டிக் கிடக்கும்போது அதன் விலாவில் இருக்கும் சின்ன ஓட்டையைப் பார்த்தால் போதும் என்று அவர்தான் அவளுக்குக் காட்டிக்கொடுத்தார். அடியில் சேரும் தண்ணீரைப் பம்பு அந்த வழியாக வெளியே துப்பும். எப்போதாவது துப்பினால் சரி. கட்டிக் கிடக்கும்போதே துப்பிக்கொண்டிருந்தால் அந்தப் படகு கடலைக் குடித்துக்கொண்டிருக்கிறது.

நான்கு மாதமாக அப்படிக் குடித்துக்கொண்டிருந்தது ஒரு படகு. பெயர் என்னவோ எழுதியிருந்தது, துறையில் எல்லாரும் சொல்வது சோபா. சிவப்பு மெத்தை, சுற்றிலும் வண்ண விளக்கு, பிற்பாடு ஒட்டவைத்த மேல்தளம். அந்த மேல்தளத்தால் சின்ன அலைக்கே தலை கிறுகிறுத்தவன் மாதிரி சாயும். ஜாக்கெட்டுகளைக் கூரையில் வரிசையாகத் தொங்கவிட்டு, அசிங்கமாக ஆடக்கூடாது என்று நைலான் கயிற்றால் முடிச்சுப் போட்டு இறுக்கியிருந்தார்கள். ஓட்டுகிறவனுக்கு அதிகாலையிலும் கழற்றாத கறுப்புக் கண்ணாடி. அதனால் அவனுக்குப் பெயர் கூலிங் கிளாஸ். சங்கச் செயலாளர் அவன் அக்காவைக் கட்டியவர். சோபாவைப் பற்றி யாரும் பேசாததற்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

கஷாயமும் பேசவில்லை. அவளுக்கு வேறு ஏற்பாடு இருந்தது. டிக்கெட் வாங்குகிறவர்கள் பெயர், வயது, ஊர் எல்லாம் ஒரு தாளில் எழுதித்தர வேண்டும். அதற்காக மேஜையில் இரண்டு பேனா வைத்திருந்தாள். ஒன்று நன்றாக எழுதும். மற்றது செத்த பேனா. வந்தவர் கொஞ்சம் மனிதராக நடந்துகொண்டால், ஒரு வணக்கமோ ஒரு சிரிப்போ இருந்தால், செத்த பேனாவை நீட்டுவாள். அவர் உதறி, ஊதி, உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்து முடிப்பதற்குள் சோபா நிரம்பிக் கிளம்பிவிடும், அவர் அடுத்த படகில் பத்திரமாகப் போவார். கண்ணாடியைத் தட்டுகிறவன், விரலைச் சொடுக்குகிறவன், காசை விசிறி எறிகிறவள், இவர்களுக்கெல்லாம் நல்ல பேனா. சரசரவென்று எழுதிவிட்டுச் சோபாவில் போய்ச் சாய்ந்துகொள்வார்கள். திரும்பி வரும்போது சிலர் வாந்தி எடுத்திருப்பார்கள், சிலருக்கு முட்டி பெயர்ந்திருக்கும். வாந்தி எடுத்தால் செத்தா போவார்கள் என்று அவள் அடுத்த தாளைக் கிழிப்பாள். தான் செய்வது ஒருவகை நீதி என்றுகூட அவளுக்குத் தோன்றியது உண்டு.

அன்று காலையிலிருந்து சோபாவின் ஓட்டை துப்புவதை நிறுத்தவே இல்லை. பத்துப் பேர் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். பன்னிரண்டு ஆனால் கிளம்பும். கூலிங் கிளாஸ் அவள் கண்ணாடியில் சாய்ந்து ஆள் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் அரைவட்ட ஓட்டைக்கு வெளியே ஒரு முகம் குனிந்தது.

“அத்தை!”

மாப்பிள்ளை. பக்கத்தில் மகள், புடவைத் தலைப்பைக் காற்று பிடுங்க, சிரித்துக்கொண்டு.

“உனக்குச் சொல்லாம வந்துட்டோம்மா. ரெண்டு நாள் லீவு. பாறைச் சுற்று போகணும். ஓசி வேண்டாம், காசு வாங்கிக்கணும்,” என்றாள் மகள்.

மாப்பிள்ளை குளியலறைக் குழாய்கள் விற்கும் கம்பெனியில் இருந்தான். அவனைப் பார்த்துப் பேசி முடித்தது கணவர், சாவதற்குக் கொஞ்சம் முன்னால்; கல்யாணம் நடந்தது போன வருடம். போன மனிதரிடம் கஷாயம் மன்னிக்காமல் வைத்திருந்த ஒரே காரியம் அதுதான். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் குழாயைத் திருகிப் பார்த்து, “வாஷர் போயிருக்கு” என்று சொல்கிற பிள்ளை. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் வீடு பாருங்கள் என்று அவள் சொன்னாள், ஊரின் மறுகோடியில் பார்த்தான். சின்ன ஃபிரிட்ஜ் போதும் என்றாள், பீரோ அளவுக்கு ஒன்று வாங்கி, கதவு திறக்க இடமில்லாமல் கட்டிலை நகர்த்தினான். ஒரு வருடத்தில் அவள் சொன்னது ஒன்றைக்கூட அவன் கேட்டதில்லை.

“அந்தச் சிவப்பு மெத்தை படகு அத்தை. போன்ல பார்த்தேன். அதுக்குத்தான் நட்சத்திரம் நிறைய போட்டிருக்காங்க.”

“அக்கா வீட்டு ஆளா?” கூலிங் கிளாஸ் நிமிர்ந்தான். “வாங்க சார், வாங்க. ரெண்டே சீட்டு பாக்கி, உங்களுக்காகவே வச்சிருக்கேன். ஏறினதும் விட்டுடலாம்.”

கஷாயம் செத்த பேனாவை நீட்டினாள்.

“இது எழுதலையே அத்தை.”

“உதறிப் பாருங்க.”

“இருக்கட்டும், எங்கிட்ட இருக்கு.” சட்டைப்பையிலிருந்து கம்பெனி கொடுத்த பேனாவை எடுத்தான். மூடியில் ஒரு குழாய்ப் படம்கூடப் போட்டிருந்தது.

இரண்டு அடி தூரத்தில் கூலிங் கிளாஸ் நிற்கிறான். சோபா வேண்டாம் என்றால் வேலை போகும். அது ஒருபக்கம். வேண்டாம் என்றால் இந்தக் குழாய்க்காரன் வேண்டுமென்றே ஏறுவான், அது இன்னும் பெரிய தொல்லை. ஒரு வருட அனுபவத்தை வைத்து அவள் ஒரு கணக்குப் போட்டாள். தான் வேண்டாம் என்றால் அவன் செய்வான் என்றால், தான் வேண்டும் என்றால்?

“அருமையான படகு மாப்பிள்ளை,” என்றாள். “இந்தத் துறையிலேயே இதுமாதிரி கிடையாது. கண்ண மூடிட்டு ஏறுங்க.”

கூலிங் கிளாஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தான். அவனுக்கு இவ்வளவு சின்னக் கண்கள் என்று அன்றுதான் தெரிந்தது.

மாப்பிள்ளையின் பேனா நின்றது. வேலை செய்துவிட்டது என்று அவள் நினைத்தாள். அவன் நிமிர்ந்தபோது முகம் மலர்ந்து கிடந்தது.

“நீங்களே சொல்றீங்கன்னா அப்புறம் என்ன அத்தை? இவ வழியெல்லாம் அதைத்தான் சொல்லிட்டு வந்தா. அம்மா தனியா இருக்காங்க, இந்தத் தடவையாவது அவங்க சொல்றதைத் தட்டாம கேளுங்கன்னு. கேட்டாச்சு, போதுமா?” முத்துமுத்தாக இரண்டு பெயர்களையும் எழுதிக் கையெழுத்துப் போட்டான். மகள் அம்மாவைப் பார்த்த பார்வையில் அவ்வளவு சந்தோஷம். இருவரும் படகை நோக்கி நடந்தார்கள்.

பத்தொன்பது வருடத்தில் வேலை நேரத்தில் அந்தக் கூண்டின் கதவு திறந்ததில்லை. இப்போது திறந்தது.

“மாப்பிள்ளை! நில்லுங்க. அதுல ஏறாதீங்க.”

“இப்பதானே அத்தை...”

“பொய் சொன்னேன். அந்த ஓட்டையைப் பாருங்க. விலாவுல.”

“அக்கா,” கூலிங் கிளாஸின் குரல் இறங்கியது. “வாயை அடக்குங்க. மச்சானுக்கு ஒரு போன் போட்டா சாயங்காலத்துலேருந்து வீட்டுலதான் இருப்பீங்க.”

“போடு. நம்பர் இல்லைன்னா நான் தரேன்.”

மாப்பிள்ளை அதற்குள் ஓட்டைக்கு நேரே போய்க் குனிந்து நின்றிருந்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான், தண்ணீரைப் பார்த்தான். வீட்டுக்கு வீடு குழாயைத் திருகி அவளுக்கு எரிச்சலூட்டிய அதே முகம்தான்.

“நிக்கவே இல்லையே. இது கசிவு இல்ல அத்தை. உள்ள எங்கேயோ நல்லா விட்டிருக்கு. எப்பலேருந்து இப்படி?”

“நாலு மாசம் இருக்கும்.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

அவன் படகைப் பார்த்தான். “அப்ப இவங்க?”

பத்துப் பேரும் மெத்தையில் சாய்ந்து இவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்துப் பேருக்கும் நல்ல பேனா கொடுத்தது அவள்தான். ஒருவர் விரலைச் சொடுக்கினார். முன்வரிசையில் இருக்கும் அம்மாள் சில்லறையை எண்ணாமல் விட்டெறிந்தாள். இன்னொருவர் இந்தப் பாறையெல்லாம் நிஜமா, சிமென்ட்டா என்று கேட்டார். ஒவ்வொருவருக்கும் அவளிடம் ஒரு காரணம் இருந்தது. “அவங்க வந்து...” என்று தொடங்கினாள். வாய்விட்டுச் சொல்லும் அளவுக்கு ஒரு காரணமும் தேறவில்லை.

மாப்பிள்ளை திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

அவள் படகின் பக்கம் போனாள். “எல்லாரும் இறங்குங்க. படகுல தண்ணி ஏறுது. வேற படகுல மாத்தித் தரேன்.”

“நீ யாரும்மா?” என்றார் சொடுக்கியவர். “டிக்கெட் குடுக்குற ஆள்தானே?”

“அந்தப் படகுல மெத்தை இருக்கா?” என்றது இன்னொரு குரல்.

“வீட்டு ஆளுக்கு இடம் பிடிக்க நம்மள இறக்குறா. இதுகூடத் தெரியலையா?” என்றாள் முன்வரிசை அம்மாள். எல்லாரும் சிரித்தார்கள். அவர்கள் பார்த்த பார்வை கஷாயத்துக்குப் புதிதல்ல. கண்ணாடிக்கு உள்ளேயிருந்து அவள் அவர்களைத் தினம் பார்த்தது அப்படித்தான்.

கூலிங் கிளாஸ் எஞ்சினைக் கிளப்பிவிட்டு, பத்துப் பேரோடு போய்விடுவது என்று முன்கயிற்றை அவிழ்க்கக் குதித்து வந்தான். அவள் முந்திக்கொண்டாள். கயிறு சுற்றியிருந்த இரும்புக் கட்டையின் மேல் போய் உட்கார்ந்துவிட்டாள். வெயிலில் காய்ந்த இரும்பு. புடவையையும் தாண்டிச் சுட்டது.

“எந்திரிங்கக்கா.”

“முடியாது.”

“பொம்பளைன்னு பார்க்கிறேன்.”

“பார்த்துக்கிட்டே இரு.”

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு பின்கயிற்றுப் பக்கம் திரும்பினான். அங்கே இருந்த கட்டையில் மாப்பிள்ளை கைக்குட்டையை விரித்துக்கொண்டிருந்தான். நாலாக மடித்து, சுருக்கம் நீவி, பேன்ட்டில் கறை படாது என்று உறுதி செய்துகொண்டு, அதன்மேல் உட்கார்ந்தான். இந்த லட்சணத்தில் இவனுக்குக் கறை ஒரு கேடு என்று கஷாயத்துக்கு வழக்கம்போல் வந்தது. இரண்டு கட்டைகளுக்கும் நடுவில் மகள், படகில் ஏறக் கழற்றிய இருவர் செருப்பையும் கைப்பையையும் பிடித்துக்கொண்டு, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றாள்.

கூலிங் கிளாஸ் மச்சானுக்குப் போன் போட்டுக் கத்த ஆரம்பித்தான். படகிலிருந்து ஆளுக்கு ஒரு பேச்சு பேசினார்கள்.

“அத்தை,” என்றான் மாப்பிள்ளை அங்கிருந்தபடியே, “எவ்வளவு நேரம் இப்படி?”

“ஆள் இறங்குற வரைக்கும்.”

“ரொம்பச் சுடுது அத்தை.”

“ஏசியிலயே உக்காந்து குழாய் வித்தா அப்படித்தான் இருக்கும். அசையாம இருங்க மாப்பிள்ளை.”

அவன் அசையாமல் இருந்தான். படகில் முன்வரிசை அம்மாள், இவர்களுடைய பேச்சைக் கேட்டு உச்சுக்கொட்டிக்கொண்டே, காலடியில் வைத்திருந்த கைப்பையைத் தூக்கி மடியில் வைத்தாள். பையின் அடியிலிருந்து தண்ணீர் ஒழுகி அவள் மடியை நனைத்தது. குனிந்து காலடியைப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்றாள்.